வெயிலுக்கு புறொயிலர் கோழி மூச்சிளைக்குது, தீனிலயும் தண்ணியிலயும் என்ன செய்யலாம்?

மல்லாவிப்பெடியன்

வணக்கம் எல்லாருக்கும். மல்லாவியில தகரக் கொட்டிலுக்க 500 புறொயிலர் நிக்குது, இப்ப அஞ்சாவது கிழமை, முக்கால்வாசி ரெண்டு கிலோவுக்குக் கிட்ட வந்திட்டுது. கொஞ்ச நாளா காலமை பத்து பதினொரு மணி தாண்டினா எல்லாம் செட்டையை விரிச்சுக்கொண்டு வாயைத் திறந்து இளைக்குது, தீனுக்குக் கிட்டவே போகாது, பின்னேரம் போய்ப் பாத்தா ரெண்டு மூண்டு செத்துக் கிடக்கும், அதுவும் நல்ல கொழுத்த கோழியாத்தான் சாகுது. கடையில போய்க் கேட்டன், எலெக்றொலைற், விற்றமின் சி, ஈரல் ரொனிக், குளுக்கோஸ் எண்டு ஒரு பை நிறையக் கட்டித் தந்தினம், எது முதல் எது பிறகு எண்டு ஒண்டும் சொல்லேல்ல. பக்கத்து வளவு அண்ணை அப்பச்சோடா போட்டாலே காணும் எண்டுறார். உண்மையா எது வேலை செய்யும், எவ்வளவு, எந்த நேரம் குடுக்கிறது? இன்னும் ஒரு கிழமை பத்து நாளில விக்க லொறியில ஏத்தோணும், அதுவரைக்கும் உதுகளைக் காப்பாத்தோணும்.

விசுவமடு_அக்கா

தம்பி, அந்தப் பையை ஒருக்கா அப்பிடியே கட்டி வையுங்கோ. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு கொட்டிலுக்குப் போய், தண்ணி ராங்கியில இருந்து கடைசியா இருக்கிற ட்றிங்கரில கையை வையுங்கோ. கறுப்பு ராங்கி வெயிலுக்க நிண்டு, பைப்பும் நிலத்துக்கு மேலால வந்தா அந்தத் தண்ணி கையைச் சுடும். ட்றிங்கருக்குப் பக்கத்தில குந்தி இருந்து ஒரு கோழியைப் பாருங்கோ, சொண்டை வைச்சிட்டு தலையை உதறிக்கொண்டு விலத்திப் போகும். குடிக்கிற மாதிரித்தான் தூரத்தில நிண்டு பாக்கிறவைக்குத் தெரியும், ஆனா ஒரு மிடறும் உள்ள போயிருக்காது. அந்தத் தண்ணிக்க நீங்கள் எந்த பவுடரைக் கரைச்சாலும் அது ராங்கியிலதான் கிடக்கும், கோழிக்குள்ள போகாது.

ராங்கிக்கு மேலயும் சுத்தியும் கிடுகு கட்டுங்கோ, பைப்பை ஒரு முழம் மண்ணுக்க தாட்டு விடுங்கோ, அது ஏலாட்டி பழைய சாக்கு சுத்தி நனைச்சு விடுங்கோ. பதினொரு மணி, ஒரு மணி, மூண்டு மணி எண்டு பைப் கடைசியைத் திறந்து சூடேறின தண்ணியை வெளியில விட்டு கிணத்துக் குளிர் தண்ணியை உள்ள எடுங்கோ. வெளியில விடுற தண்ணி வாழைக்குப் போகட்டும். இதைச் செய்துபோட்டு பிறகு பக்கற்றைப் பற்றிக் கதைப்பம்.

மாங்குளம்_87

தகரத்துக்கு மேல கிடுகு போட்டுத் தண்ணி அடிச்சாலே பாதிப் பிரச்சினை முடிஞ்சுது. சித்திரை வருசப் பிறப்பை ஒட்டி சூரியன் எங்களுக்கு நேர உச்சியில நிக்கிற நேரம், ஆவணி கடைசியில திரும்பவும் ஒருக்கா வரும், தகரம் அப்பிடியே நெருப்பு.

மல்லாவிப்பெடியன்

@மாங்குளம்_87 அண்ணை கிடுகு போட்டாச்சு, பக்கச் சுவர் எல்லாம் வலைதான், காத்து வருது. எனக்கு இப்ப தீன், மருந்துப் பக்கம்தான் விளங்கேல்ல. அக்கா சொன்னதை நாளைக்கே பாக்கிறன்.

போதனாசிரியர்_ஓய்வு

தம்பி, கோழிக்குள்ள என்ன நடக்குது எண்டு முதல் விளங்கினாத்தான் எந்த பவுடர் எதுக்கு எண்டு நீங்களே முடிவெடுப்பியள், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுறன்.

கோழிக்கு வேர்வை இல்ல. உடம்புச் சூடு சாதாரணமாவே 41 பாகை செல்சியசுக்கு மேல. வளந்த புறொயிலருக்கு 18 இலிருந்து 24 வரைக்கும்தான் சுகமான வெப்பநிலை, வன்னியில அது மார்கழி விடியப்புறத்தில கிடைச்சாலே பெரிசு. 30 தாண்ட இளைக்கத் தொடங்கும். இளைக்கிறது எண்டா மூச்சால தண்ணியை ஆவியாக்கி உடம்பைக் குளிராக்கிறது. ஆனா அப்பிடி வேகமா மூச்சு விடேக்க இரத்தத்தில இருக்கிற காபனீரொட்சைட்டும் சேந்து வெளியில போகும், இரத்தம் காரப்பக்கம் சாயும். அதைச் சரிக்கட்ட சிறுநீரகம் பைகாபனேற்றை வெளியில தள்ளும், அதோட பொற்றாசியமும் சோடியமும் சேந்து போகும். எலெக்றொலைற் குடுக்கிறது இந்த இழப்புக்குத்தான்.

அடுத்தது தீன். தின்னுறது செமிக்கிறதே சூடு உண்டாக்கிற வேலை. தின்ட பிறகு நாலு அஞ்சு மணித்தியாலத்துக்கு அந்தச் சூடு உடம்புக்குள்ள ஏறிக்கொண்டு இருக்கும். காலமை ஒன்பது மணிக்குப் பிறகும் வயிறு முட்டத் தின்ட கோழிக்கு, வெளி வெயிலும் உள்சூடும் ரெண்டும் ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒண்டா வந்து சேரும். கொழுத்த கோழி முதல் சாகிறதுக்குக் காரணம் அதுதான், கூடத் தின்டிருக்கும், உடம்பும் பெரிசு, சூடு வெளியேறத் தோல்பரப்பு காணாது. செத்த கோழியின்ர கழுத்தடியில தீன்பையைத் தடவிப் பாருங்கோ, கல்லு மாதிரி நிறைஞ்சு இருந்தா தீன் நேரம் பிழை.

ஆகவே, தீன் போடுற பீடரை காலமை ஒன்பது மணிக்கு முதல் உயர்த்திக் கட்டுங்கோ. பின்னேரம் அஞ்சு மணி, வெயில் தணிஞ்ச பிறகு இறக்குங்கோ. விடிய நாலு மணிக்கு லைற் போட்டு ஒன்பது மணி வரைக்கும் தின்னட்டும், பின்னேரம் அஞ்சில இருந்து இரவு பதினொண்டு மட்டும் தின்னட்டும், இரவு மிச்ச நேரம் இருட்டு. தண்ணி மட்டும் 24 மணித்தியாலமும் இருக்கோணும். இதுக்கு ஒரு சதமும் செலவில்ல, நான் கண்ட அளவில எந்தப் பக்கற்றையும் விட இதுதான் கூடக் கோழியைக் காப்பாத்தும்.

நெடுங்கேணி_தம்பி

சேர் மன்னிக்கோணும், எட்டு மணித்தியாலம் தீன் இல்லாட்டி நிறை குறையாதே? கொம்பனிக்காரர் வந்து பாத்தா எப்பவும் பீடர் நிறைஞ்சு இருக்கோணும் எண்டுறவை. நான் ஒருக்கா உயர்த்திப்போட்டு பின்னேரம் இறக்கினன், எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி முதுகெல்லாம் கிழிஞ்சு போச்சு.

விசுவமடு_அக்கா

முதுகு கிழியிறது பீடர் காணாததால, அல்லது ஒவ்வொண்டா இறக்கிறதால. ஒரு பக்கத்துப் பீடரை இறக்க முழுக்கோழியும் அங்க ஓடும். நாங்கள் கயிறை ஒரே கம்பியில கோத்து வைச்சிருக்கிறம், ஒரு இழுவைக்கு எல்லாம் சேந்து இறங்கும். கயிறு இல்லாட்டி ரெண்டு பேர் ரெண்டு பக்கத்தால இறக்குங்கோ. இறக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முதல் ட்றிங்கர் எல்லாத்தையும் குளிர் தண்ணியால நிரப்பி விட்டா முதல் தண்ணிக்குத்தான் போகும், அவ்வளவு அந்தரப்படாது.

நிறைக்கு நான் சொல்லக்கூடியது, மத்தியானம் அதுகள் எப்பிடியும் தின்னுறேல்ல, பீடர் நிறைஞ்சு நிக்கிறதைப் பாத்து எங்கட மனம்தான் நிறையுது. ஒன்பது மணிக்கு கடைசி வாய் தின்னாமல் விடுறதுதான் வித்தியாசம். இரவில லைற் போட்டுத் தின்ன விட்டா முக்கால்வாசி ஈடு கட்டலாம். கொஞ்சம் பிந்தி நிறைக்கு வந்தாலும் ரெண்டு கிலோக் கோழி ஒண்டு செத்தா அதுவரை தின்ட தீன் முழுக்க மண்ணுக்குத்தானே.

போதனாசிரியர்_ஓய்வு

அக்கா சொன்னது சரி. ஒண்டு மட்டும் கவனம், இது மூண்டு கிழமைக்கு மேற்பட்ட கோழிக்கு, கடும் வெயில் நாளில மட்டும். குஞ்சுக்கு இப்பிடித் தீனை நிப்பாட்டக் கூடாது, முதல் கிழமைகளில அதுக்குச் சூடுதான் தேவை. மழை முகில் போட்டு மந்தாரமா இருக்கிற நாளிலயும் தேவையில்ல.

பூநகரி_காத்து

அப்பச்சோடா, அதாவது சோடியம் பைகாபனேற்றைப் பற்றி நான் சொல்லோணும். எங்கட பக்கம் கடலேரிக் கரை, வைகாசி ஆனிக்கு கிணறு வத்த வத்த தண்ணி உவர் ஏறும். ஆரோ சொன்னவை எண்டு அப்பச்சோடாவும் கரைச்சு, பிறகு எலெக்றொலைற் பக்கற்றும் போட்ட ஒரு கொட்டிலை நான் நேர பாத்தனான். கோழி நல்லாத் தண்ணி குடிச்சுது, குடிச்ச தண்ணி முழுக்க கழிச்சலாப் போச்சுது, நிலத்தில விரிச்ச உமி எல்லாம் சேறாகி உள்ளுக்குப் போனாக் கண் எரியிற அமோனியா மணம். வெயிலுக்க இளைக்கிற கோழி அந்தக் காத்தை இழுத்தா நெஞ்சு நோய் வராமல் என்ன செய்யும். உவர்த் தண்ணிக்காரர் சோடியம் எண்டு பெயர் உள்ள ஒண்டையும் யோசிக்காமல் போடாதையுங்கோ.

போதனாசிரியர்_ஓய்வு

மிச்சம் முக்கியமான விசயம், இதைத்தான் நானும் எழுத இருந்தனான். வன்னியில ஒரே மருந்துச் சீட்டை எல்லாருக்கும் குடுக்கேலாது. வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் கருங்கல் நிலம், தண்ணி ஒரு மாதிரி. பூநகரி, மன்னார்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் கடலும், அது வேற மாதிரி. கரைஞ்ச உப்பின்ர அளவு லீற்றருக்கு 1000 மில்லிகிறாமுக்குக் கீழ எண்டா கோழிக்குப் பயமில்ல. 1000 இலிருந்து 3000 வரைக்கும் கோழி குடிக்கும், ஆனா கழிவு இளகும். 3000 தாண்டினா கோழிக்கு அந்தத் தண்ணி நல்லமில்ல. பேனை மாதிரி ஒரு மீற்றர் கிடக்கு, அதைத் தண்ணிக்க வைச்சாலே சொல்லும், இல்லாட்டி நீர் வழங்கல் சபை லாப்பில குடுத்துப் பாருங்கோ. மல்லாவித் தம்பி, உங்கட கிணத்துத் தண்ணியை வாயில வைச்சா உவர்க்குதோ?

மல்லாவிப்பெடியன்

உவர் இல்ல சேர், ஆனா கேத்தில் அடியில வெள்ளையாப் படியும். தேத்தண்ணிக்கு நல்லம்.

அக்கா, இண்டைக்கு ரெண்டு மணிக்குப் போய்க் கையை வைச்சுப் பாத்தன். நீங்கள் சொன்ன அதே கதைதான், கடைசி ட்றிங்கரில கை வைக்கேலாது. பைப்பைக் கழட்டி மண்ணுக்க தாழ்க்கத் தொடங்கீட்டன்.

அறிவியல்நகர்_மாணவி

சேர், நான் விவசாயபீடத்தில படிக்கிறன், ஒரு சந்தேகம். இளைக்கேக்க இரத்தம் ஏற்கனவே காரமாத்தான் போகுது எண்டீங்கள், சோடியம் பைகாபனேற்றும் காரம்தானே, பிறகு ஏன் அதையே குடுக்கிறது? பொற்றாசியம் குளோரைட் அல்லது அமோனியம் குளோரைட் எல்லோ சரியா வரும்?

போதனாசிரியர்_ஓய்வு

நல்ல கேள்வி தங்கச்சி. பாடப்படி பாத்தா அமோனியம் குளோரைட் இரத்தத்தை அமிலப்பக்கம் இழுக்கும், அது வேலையும் செய்யும். ஆனா கொஞ்சம் கூடினா மற்றப் பக்கம் சாய்ஞ்சு கோழி இன்னும் மோசமாப் போகும், இஞ்ச தராசு கூட இல்லாத கொட்டில்களில அதை நான் ஆருக்கும் சொல்லமாட்டன்.

பைகாபனேற் குடுத்தாக் கோழி கூடத் தண்ணி குடிக்கும், வெளியில போன பைகாபனேற்றுக்கும் சோடியத்துக்கும் ஈடு கிடைக்கும், குளோரைட் கூட்டாமலே சோடியம் குடுக்கலாம். எண்டாலும் அது இளைச்சுக்கொண்டு நிக்கிற ரெண்டு மணிக்குக் குடுக்கிற சாமான் இல்ல. வெயில் நாள் தொடங்க முதல் தீனில கலக்கிறதெண்டா கிலோவுக்கு 5 கிறாம் வரைக்கும் எண்டுதான் ஆராய்ச்சிகளில பாவிச்சவை, ஆனா கொம்பனித் தீனில ஏற்கனவே உப்புக் கணக்குப் பாத்துப் போட்டிருப்பினம், சிலதில பைகாபனேற்றும் இருக்கும். அதுக்கு மேல நீங்கள் முழு அளவையும் போட்டா பூநகரித் தம்பி சொன்ன சேறுதான். கிலோவுக்கு 2 கிறாம் போட்டு ரெண்டு நாள் உமியைப் பாருங்கோ, காய்ஞ்சு நிண்டா சரி.

பொற்றாசியம் குளோரைட்டைத்தான் நான் முதல் இடத்தில வைப்பன். இளைக்கிற கோழி கூட இழக்கிறது பொற்றாசியத்தை. தண்ணியில லீற்றருக்கு 1.5 கிறாம், 100 லீற்றர் ராங்கிக்கு 150 கிறாம். காலமை எட்டு மணிக்குத் தொடங்கி பின்னேரம் மூண்டு நாலு மட்டும், பிறகு விடியுமட்டும் வெறும் தண்ணி. கடும் வெயில் மூண்டு நாலு நாளுக்குக் குடுத்து இடைவெளி விடுங்கோ.

அளவில ஒரு கணக்கு மறக்கக் கூடாது. சாதாரணமாக் கோழி தின்னுற தீனிட ரெண்டு மடங்கு தண்ணி குடிக்கும். கடும் வெயிலில அது நாலு மடங்குக்கும் போகும். அப்ப லீற்றருக்கு ஒரே அளவு மருந்து போட்டாலும் கோழிக்குள்ள ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். பக்கற்றில உள்ள அளவைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப் போடுறவை இதைத்தான் யோசிக்கிறேல்ல.

நெடுங்கேணி_தம்பி

பொற்றாசியம் குளோரைட் எண்டா வயலுக்குப் போடுற எம்ஓபி தானே? வீட்டில அரை மூட்டை கிடக்கு.

போதனாசிரியர்_ஓய்வு

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். பெயர் ஒண்டுதான், ஆனா பசளைத் தரத்தில வேற உப்பு, நிறம், கலப்படம் எல்லாம் இருக்கும், சனம் தின்னப்போற இறைச்சிக்கு அது கூடாது. தீன் தரம் எண்டு கேட்டு வாங்குங்கோ. கிடைக்காட்டி பொற்றாசியம் உள்ள கோழி எலெக்றொலைற் பக்கற் காணும்.

முறிகண்டி_தீன்கடை

நானும் கடைக்காரன் எண்டபடியால ஒண்டு சொல்லுறன். பக்கற்றை வாங்கேக்க முன் பக்கத்துக் கோழிப் படத்தைப் பாக்காமல் பின்பக்க எழுத்தைப் பாருங்கோ. பொற்றாசியம் குளோரைட், சோடியம், விற்றமின் சி, பீற்றெயின் எவ்வளவு எண்டு எழுதியிருக்கோணும். சிலதில முக்கால்வாசி டெக்ஸ்ரோஸ்தான், அதாவது குளுக்கோஸ். ரெண்டு பக்கற்றிலயும் ஒரே சாமான் இருந்தா ரெண்டையும் போடாதையுங்கோ. ஈரல் ரொனிக் கேட்டு வாறவைக்கு வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல எண்டு நான் சொல்லித்தான் அனுப்புறனான்.

மல்லாவிப்பெடியன்

அண்ணை நல்ல மனசு. என்ரை பக்கற்றைத் திருப்பிப் பாத்தன், டெக்ஸ்ரோஸ்தான் முதல் எழுதிக் கிடக்கு, பொற்றாசியம் இருக்கு ஆனா அளவு இல்ல.

அம்மா கேக்கிறா, பனடோல் கரைச்சு ஊத்தினாச் சூடு இறங்காதோ எண்டு. வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற ஜீவனி எண்டா?

விசுவமடு_அக்கா

அம்மாட்டச் சொல்லுங்கோ இது காய்ச்சல் இல்ல எண்டு. காய்ச்சலில உடம்பு தானாச் சூட்டை ஏத்துது, பனடோல் அதை இறக்கும். இது வெளி வெயில் ஏத்தின சூடு, அதுக்குப் பனடோல் ஒண்டும் செய்யாது, ஏத்தப்போற கோழிக்கு மருந்தையும் ஏத்தி விடுறதுதான் மிச்சம்.

ஜீவனி கூடாத சாமான் இல்ல, ஆனா ஒரு பக்கற் ஒரு லீற்றருக்கு. 500 கோழி வெயில் நாளில 200 லீற்றருக்கு மேல குடிக்கும், யோசிச்சுப் பாருங்கோ எத்தினை பக்கற் எண்டு. வீட்டில பத்துக் கோழி வளக்கிறவைக்குச் சரி. இளநீரில பொற்றாசியம் நல்லா இருக்கு, அதுவும் அதே கதைதான், மயங்கிக் கிடக்கிற ஒண்டு ரெண்டைத் தூக்கி நிழலில வைச்சு சொண்டில துளி துளியா விட நல்லம்.

மாங்குளம்_87

எங்கட அப்பு நெல்லிக்காய் இடிச்சுத் தண்ணியில போடுவார், விற்றமின் சி தானே. தேசிக்காயும் பிழிவார்.

அறிவியல்நகர்_மாணவி

நெல்லியில விற்றமின் சி நிறைய இருக்கு, தேசிக்காயில அதைவிடக் குறைவு. ஆனா எவ்வளவு போகுது எண்டு கணக்கில்லாமல் போகும், ட்றிங்கரில சக்கை தங்கி நொதிக்கும், நிப்பிள் ட்றிங்கர் எண்டா அடைச்சுப்போடும். மனுசருக்கு விற்றமின் சி உடம்பில உண்டாகாது, கோழிக்குச் சிறுநீரகத்தில தானாவே உண்டாகும், அதால சாதாரண நாளில தேவையே இல்ல. வெயில் அழுத்தத்தில செலவு கூடி உண்டாகிறது காணாமல் போறபடியால்தான் வெளியில இருந்து குடுக்கிறது. தீனில கிலோவுக்கு 200 இலிருந்து 250 மில்லிகிறாம் எண்டுதான் நாங்கள் படிச்சது.

போதனாசிரியர்_ஓய்வு

சரியாச் சொன்னீங்கள் தங்கச்சி. 50 கிலோ மூட்டைக்கு 12.5 கிறாம் வருது. கையளவு பவுடரை 50 கிலோவுக்குள்ள நேரடியாக் கொட்டினா ஒரு மூலைக்கோழி எல்லாத்தையும் தின்னும். குறுணித் தீனில முதல் ஒரு கிலோவில கலந்து, அதைப் பத்துக் கிலோவில கலந்து, பிறகு முழுசிலயும் கலவுங்கோ. குளிசை மாதிரி அழுத்தின பெலற் தீன் எண்டா பவுடர் ஒட்டாமல் அடியில வடிஞ்சுபோம், அதுக்கு தேங்காய் எண்ணெய் 100 மில்லியளவு தெளிச்சு சாக்கில வைச்சுப் பிரட்டிப்போட்டு பவுடரைத் தூவிப் பிரட்டினாப் பிடிக்கும். அண்டைக்குத் தேவையானதை மட்டும் கலவுங்கோ, விற்றமின் சி சூட்டில நிண்டு பிடிக்காது.

தண்ணியில குடுக்கிறதெண்டா இன்னும் கவனம். குளோரின் போட்ட தண்ணியில அது அழிஞ்சு போகும். வெயிலில நிக்கிற தண்ணியிலயும் அழியும். அப்பச்சோடாவோட ஒரே வாளியில கரைச்சா நுரைச்சுப் பொங்கும், ரெண்டும் வீண். காலமை கரைச்சு ரெண்டு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள குடிச்சு முடியிற அளவு மட்டும். தடுப்பூசித் தண்ணி குடுக்கிற நாளில இது ஒண்டும் வேண்டாம்.

பீற்றெயின் நல்ல சாமான். கலத்துக்குள்ள தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கும், குடல் பழுதாகாமல் காக்கும், தீனில கிலோவுக்கு 1 கிறாம் வரைக்கும். விற்றமின் ஈ, செலனியம் ரெண்டும் வெயிலால உடம்புக்குள்ள வாற பாதிப்புக்கு எதிரா வேலை செய்யும், ஆனா அது உடம்பில சேர நாள் எடுக்கும். பத்து நாளில ஏத்தப்போற தம்பிக்கு அதுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்ல, அடுத்த பாச்சுக்கு, அதாவது அடுத்த தொகுதிக் கோழிக்கு, மூண்டாம் கிழமையில இருந்து தொடங்கலாம்.

நெடுங்கேணி_தம்பி

கடைசிக் கிழமைகளில குடுக்கிற பினிசர் தீனுக்கு நாங்கள் தவிடு கலக்கிறனாங்கள் சேர், செலவு குறைக்க. வெயிலுக்கு அது நல்லமோ கூடாதோ? சிலர் புரதத்தைக் கூட்டச் சொல்லுகினம், கோழி குறையத் தின்னுறபடியால.

போதனாசிரியர்_ஓய்வு

ரெண்டும் வெயிலுக்குக் கூடாது. தின்னுற சாமானுக்குள்ள செமிக்கேக்க மிச்சம் கூடச் சூடு உண்டாக்கிறது புரதம், மிச்சம் குறைய உண்டாக்கிறது கொழுப்பு. மேலதிகப் புரதம் உடம்பில சேராமல் எரிஞ்சு யூரிக் அமிலமாத்தான் வெளியில போகும், அதுக்குத் தண்ணியும் செலவு, கழிவும் ஈரம். தேவையானது மொத்தப் புரதம் இல்ல, லைசின், மெதியோனின் எண்ட அமினோ அமிலம் ரெண்டும் குறையாமல் இருக்கிறது. தீன் தயாரிக்கிறவை அதைச் செய்யலாம், எங்களுக்குக் கொட்டிலில செய்யிற வேலை இல்ல, சோயாப் பிண்ணாக்கை அள்ளிப் போடாமல் விட்டாலே காணும்.

தவிட்டில நார், அதுவும் செமிக்கச் சூடு. அதைவிட மோசம், பச்சைத் தவிடு இந்தச் சூட்டில கெதியாக் காறல் அடிக்கும், காறின எண்ணெய் விற்றமின் ஈயை அழிக்கும். ஒரு பிடி எடுத்து மணந்து பாருங்கோ, காறல் மணம் வந்தா ஆட்டுக்கும் குடுக்காதையுங்கோ. வெயில் மாசத்தில தவிட்டை நிப்பாட்டிப்போட்டு, ஏலுமெண்டா தீனில நூற்றுக்கு ஒண்டு ரெண்டு எண்ணெய் சேருங்கோ, அதுவும் புது எண்ணெய், அண்டண்டைக்குக் கலந்து. கோழி கொஞ்சமாத் தின்டாலும் சத்துப் போகும், சூடு குறைவு.

முறிகண்டி_தீன்கடை

தீன் மூட்டையை தகரத்துக்குக் கீழ அடுக்கி வைக்கிறதையும் சொல்லுங்கோ சேர். மேல் மூட்டை சுடச்சுட இருக்கும், விற்றமின் எல்லாம் போயிடும். பலகைக்கு மேல, சுவரில முட்டாமல், ரெண்டு கிழமைக்குக் காணுற அளவு மட்டும் எடுங்கோ.

அறிவியல்நகர்_மாணவி

இன்னொண்டு, இரத்தக் கழிச்சலுக்குத் தீனில போடுற மருந்துகளில நைகார்பசின் எண்டு ஒண்டு இருக்கு. வெயிலில அது இருக்கிற தீன் தின்ட கோழி கூடச் சாகும். வழக்கமா இளம் பருவத் தீனில்தான் போடுறவை, ஆனா மிஞ்சின ஸ்ராட்டர் மூட்டையை வீணாக்காமல் பெரிய கோழிக்குப் போடுறவை மூட்டைச் சீட்டை வாசிச்சுப் பாக்கோணும்.

பூநகரி_காத்து

தண்ணி விசிறுறது பற்றி ஒராளும் சொல்லேல்ல. தென்மேற்குச் சோளகக் காத்து அடிக்கிற மாசம் காத்து காய்ஞ்சு கிடக்கும், அப்ப காத்து வாற பக்கத்து வலையில நனைச்ச சாக்குத் தொங்க விட்டா நல்லாக் குளிரும். ஐப்பசிப் பக்கம் காத்தில்லாமல் புழுங்கிற நாளில அதைச் செய்யாதையுங்கோ, ஈரப்பதன் கூடினாக் கோழி இளைச்சும் பிரயோசனம் இல்லாமல் போகும். அண்டைக்கு ஃபான் ஒண்டுதான் கை குடுக்கும்.

விசுவமடு_அக்கா

தம்பி இன்னொரு விசயம் கேக்க மறந்திட்டன். சாகிறது பின்னேரத்தில மட்டும்தானோ, அல்லது விடியவும் செத்துக் கிடக்குதோ? மூச்சில கறகற எண்டு சத்தம், பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் உண்டோ? இருந்தா இது வெயில் இல்ல, ராணிக்கெட் எண்ட தொற்று நோயாவும் இருக்கலாம், எங்களோட கதைச்சுக்கொண்டு இருக்காமல் உடனை மிருக வைத்தியர் கந்தோருக்கு செத்த கோழியைக் கொண்டு போங்கோ.

மல்லாவிப்பெடியன்

விடிய ஒண்டும் இல்ல அக்கா, கழிச்சலும் இல்ல. தீன்பையைத் தடவிப் பாத்தன், சேர் சொன்ன மாதிரி நிறைஞ்சுதான் இருந்தது.

இப்ப செய்யிறது இதுதான். பைப் தாட்டாச்சு, ராங்கிக்குக் கிடுகு. எட்டேமுக்காலுக்குப் பீடர் உயர்த்துறன், அஞ்சு மணிக்கு நானும் தம்பியும் ரெண்டு பக்கத்தால இறக்கிறம். மத்தியானத்தில மெதுவா ஒருக்கா உள்ளால நடந்து கோழியளை எழுப்பி விடுறன், வயித்துக்குக் கீழ இருக்கிற சூடு வெளியில போகட்டும் எண்டு. முறிகண்டி அண்ணையிட்ட பொற்றாசியம் அளவு எழுதின பக்கற் எடுத்தன், காலமையில அது மட்டும். விற்றமின் சியை எண்ணெயோட பெலற்றில பிரட்டி விடியத் தீனில குடுக்கிறன். ரெண்டு நாளாச் சாவு இல்ல, இளைக்கிறது இருக்கு, ஆனா ட்றிங்கரைச் சுத்தித்தான் நிக்குதுகள்.

கடைசிக் கேள்வி, ஏத்திற அண்டைக்கு எலெக்றொலைற் குடுக்கலாமோ? லொறி பகல் பத்து மணிக்கு வாறன் எண்டு சொல்லியிருக்கிறான்.

போதனாசிரியர்_ஓய்வு

பத்து மணிக்கு ஏத்த விடாதையுங்கோ தம்பி. பெட்டிக்குள்ள நெருக்கி அடைச்சு ஏ9 றோட்டு வெயிலில நிண்டா நீங்கள் இவ்வளவு பாடுபட்டது எல்லாம் லொறியில போயிடும். விடிய மூண்டு மணிக்கு வரச் சொல்லுங்கோ, சூரியன் ஏற முதல் இறக்கி முடிக்கோணும். தீனை ஏத்த முதல் எட்டு மணித்தியாலம் நிப்பாட்டுங்கோ, தண்ணியைக் கோழி பிடிக்கத் தொடங்கும் வரைக்கும் விடுங்கோ, எலெக்றொலைற் அதுக்குள்ள இருந்தால் பிழையில்ல. இருட்டில, சின்ன லைற் வெளிச்சத்தில பிடியுங்கோ, பெட்டிக்கு வழக்கமாப் போடுறதை விட ரெண்டு கோழி குறைச்சுப் போடுங்கோ.

மல்லாவிப்பெடியன்

லொறிக்காரனோட இப்பவே கதைச்சிட்டன் சேர், விடிய ரெண்டரைக்கு வாறானாம், கூலி கொஞ்சம் கூடக் கேக்கிறான், குடுக்கலாம்.

முறிகண்டி_தீன்கடை

அடுத்த பாச்சுக் குஞ்சு எப்ப இறக்கிறீங்கள் எண்டு சொல்லுங்கோ, அளவு எழுதின பொற்றாசியம் எடுத்து வைக்கிறன்.